வவுனியாவில் பெருங்குடல் சீ.ரி. ஸ்கான்: படம் நல்லம், றிப்போட் காணாது

வவுனியா நகரில் ஒரு தனியார் நிலையம் பெருங்குடலுக்கென்று தனியாக சீ.ரி. ஸ்கான் எடுக்கிறது. ஆசனவாயால் கமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யப் பயந்தவர்களும், அந்தக் கமரா பாதியில் மேலே போகாமல் நின்றவர்களும் இங்கே வருவார்கள்.

எடுக்கும் முறையில் குறை சொல்ல இடமில்லை. வெட்டுப்படங்களின் தடிப்பு 1.25 மில்லிமீற்றர். மல்லாக்கவும் குப்புறவும் இரண்டு தரம் எடுக்கிறார்கள். குடலை விரிக்கக் காற்றல்ல, காபனீரொட்சைட்டு. அது கெதியாக உறிஞ்சப்படுவதால் வயிற்றுப் பொருமல் நீடிக்காது.

சறுக்குவது ஆயத்தத்தில்தான். பேதி மருந்து தருகிறார்கள், ஆனால் எஞ்சிய மலத்தை அடையாளப்படுத்தும் பேரியமோ அயடீன் கரைசலோ தருவதில்லை. அது கலந்த மலம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கலக்காதது, குடற்சுவரில் வளரும் சிறு கட்டியான பொலிப்பைப் போலவே சாம்பலாகச் சுவரில் ஒட்டிக் கிடக்கும். கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்கு 'இலகு உணவு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது குரக்கன் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும்! நாரும் விதையும் கூடாது: வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, மீன் சொதி போதும், கொய்யா, கத்தரி, செத்தல் மிளகாய் விதை வேண்டாம்.

பெரிய குறை றிப்போட். 'பொலிப் இல்லை' என்ற ஒற்றை வரியை நம்ப முடியாது. எந்தப் பகுதி விரியாமல் சுருங்கிக் கிடந்தது என்று அதில் இருக்கவேண்டும். சுவரில் சிறு பக்கப்பைகள் உள்ள சிக்மொயிட் (மலக்குடலுக்கு முந்திய வளைவு) அடிக்கடி அப்படித்தான். அப்போது வலப்பக்கம் சரித்து மூன்றாம் தரம் எடுக்கவேண்டும். முப்பரிமாணப் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் பிழை, அதில் மலமும் பொலிப்பும் ஒரே மேடுதான். தட்டையான வெட்டுப்படத்தில் மேட்டுக்கு உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் மலம். கொழுப்பின் அடர்த்தி தெரிந்தால் லிப்போமா என்ற கொழுப்புக் கட்டி, அல்லது சிறுகுடல் வந்து சேரும் வால்வின் உதடு. மல்லாக்க எடுத்ததற்கும் குப்புற எடுத்ததற்கும் இடையில் இடம் மாறினால் பெரும்பாலும் மலம். ஆனால் காம்புள்ள பொலிப்பும் அசையும், சிக்மொயிட்டே புரளவும் கூடும்.

அளவும் முக்கியம். 5 மில்லிமீற்றருக்குட்பட்டதை வழமையாக எழுதுவதில்லை. 6 முதல் 9 வரை ஒன்றிரண்டு என்றால் கண்காணிப்பு அல்லது கொலனோஸ்கோப்பி. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஒன்றாவது 10 ஐத் தொட்டால், கொலனோஸ்கோப்பி. இந்த வகைப்படுத்தலுக்குப் பெயர் சீ-ராட்ஸ். அந்த வகை இலக்கம் இல்லாத றிப்போட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதுவியுங்கள்.

பிலிமோடு மட்டும் வீட்டுக்குப் போகவேண்டாம். முழு வெட்டுப்படங்களும் உள்ள சீ.டி.யைக் கேட்டால் தருகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இன்னொரு ரேடியோலஜிஸ்ட் பார்க்க அதுதான் உதவும்.