அசிஸ்ட் தளம்: 60 யூனிட் வந்தால் கிளம்பிவிடலாமா?

மகள் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் உயிரியல் படிக்கிறாள். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். "ஸ்பிரிங் செமஸ்டர் முடியும்போது 60 யூனிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) வந்துவிடும், டிரான்ஸ்ஃபருக்கு அப்ளை பண்ணிவிடு" என்று கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மூன்றாம் வருடத்தில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும் என்பது உண்மைதான். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில், காலேஜ் பாடங்களில் எது பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தைத் திறந்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இலவசத் தளம். கல்வியாண்டு, நம் காலேஜ், போக நினைக்கும் யூசி அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகம், அப்புறம் மேஜர் என்ற முதன்மைப் பாடம், இவ்வளவுதான் கேட்கும். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான நம் காலேஜ் பாடம். ஈடு இல்லையென்றால் இல்லை என்றே போட்டுவிடும். நடுவில் சின்னதாக இருக்கும் 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரியின் இரண்டு பகுதிக்கும் நடுவே 'ஆண்ட்' இருந்தது. ஒன்றை மட்டும் முடித்தால் அந்த வரி நிறைவேறாது.

எந்தப் பாடம் என்று அசிஸ்ட் சொல்லும். எப்போது கிளம்பலாம் என்பதை நாம்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். எண்ணினோம். முதல் செமஸ்டர் அறிமுக கெமிஸ்ட்ரியில் போய்விட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஜெனரல் கெமிஸ்ட்ரி. அது முடிந்தால்தான் பட்டியலில் இருந்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் தொடங்க முடியும், அதுவும் இரண்டு பகுதி. ஆக ஐந்தாவது செமஸ்டர். யூனிட் 60 தாண்டினாலும் பாடம் பாக்கி! கோடையில் முடித்துக்கொள்ளலாமே என்றேன் நான். சேர்க்கைக்கு வேண்டிய பாடங்களை ஸ்பிரிங்குக்குள்ளேயே முடிக்கச் சொல்கிறது யூசி. சரி, இன்னொரு வருடம் என்று முடிவானது.

"ரெண்டு வருஷ காலேஜில் மூணாவது வருஷமா?" என்று என் நாத்தனார் கேட்டார். கேட்கட்டும். இங்கே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 5 யூனிட் ஆர்கானிக்குக்கு 230. யூசியில் கல்விக் கட்டணமே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். இன்னொரு வருடம் படித்து, யூசியின் 70 யூனிட் வரம்பைத் தாண்டினால் சேர்க்கை போய்விடுமோ என்று பயந்தேன். கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவர்களுக்கு அப்படி இல்லை. 70-க்கு மேல் யூனிட் கணக்கில் ஏறாது, பாடம் முடித்ததாக ஏற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தத் தளத்தை நம்ப முடியாது. தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இதில் கிடையாது. ஆறு யூசி வளாகங்கள் தரும் 'டேக்' என்ற சேர்க்கை உத்தரவாதத்துக்கு யூசியின் வேறு தளத்தில், செப்டம்பர் மாதத்துக்குள், ஒரே ஒரு வளாகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த இலையுதிர்காலச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பத்தையும் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே போட்டுவிட வேண்டும். அதனால் முதல் செமஸ்டரிலேயே அசிஸ்ட்டைப் பாருங்கள். எங்களைப் போல மூன்றாவதில் அல்ல.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அசிஸ்ட் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கவுன்சிலரிடம் காட்டினாள் மகள். அவர் கெமிஸ்ட்ரி வரியில் விரலை வைத்து ஒருமுறை படித்துவிட்டு, "ஆமாம், நீ இன்னொரு வருடம் இருப்பதுதான் சரி" என்றாராம்.