நெட்ரின் ஆன்டிபாடியோடு ஏழு வருடம்: வாங்கலாமா என்று கேட்டவளுக்கு

போன வாரம் பழைய லேப் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, நீங்க ரொம்ப வருஷமா போடுறீங்களே, அந்த ஆட்டில் செய்த நெட்ரின்-1 ஆன்டிபாடி, அதை வாங்கலாமா? எங்க சார் விலையைப் பார்த்துட்டு யோசிக்கிறார்" என்றாள். வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன், உடனே வேண்டாம் என்றும் தோன்றியது. அரை மணி நேரம் பேசியும் ஒரு பதில் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் போடுவது 11.5 நாள் சுண்டெலிக் கருவின் பின்மூளையில், உறைய வைத்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட்டில் வெட்டிய 16 மைக்ரான் செக்‌ஷனில். நெட்ரின் என்பது வளரும் நரம்பு இழைகளுக்கு வழி காட்டும் புரதம், இந்த ஆன்டிபாடி அது திசுவில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக் காட்டும்.

முதலில் இதைப் பிடித்த கதை. நெட்ரினை 1994இல் மார்க் டெசியர்-லவின் குழு கோழிக் கருக்களின் மூளைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பிரித்தெடுத்தது. பெயரைச் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள், 'நேத்ரு' என்றால் வழி நடத்துபவர். நாம் நேத்திரம் என்று கண்ணைச் சொல்கிறோமே, அதுவும் இதே வேர்தான். அன்றிலிருந்து பாடப்புத்தகத்தில் இருந்த படம் எல்லோருக்கும் மனப்பாடம்: நடுக்கோட்டின் அடியில் இருக்கும் ஃப்ளோர் பிளேட் என்ற செல் பட்டை நெட்ரினைச் சுரக்கிறது, அது தூரம் வரை பரவுகிறது, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸான்கள் என்ற நரம்பு இழைகள் கீழே இறங்கி வருகின்றன. 2017இல் பாரிஸிலிருந்து ஒரு குழுவும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு குழுவும் அந்தப் படத்தையே ஆட்டிவிட்டன. ஃப்ளோர் பிளேட்டில் மட்டும் நெட்ரினை எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மூளையின் உள் அறையான வென்ட்ரிக்கிளை ஒட்டிய வென்ட்ரிகுலர் சோனில் நரம்பு செல்களைப் பிறப்பிக்கும் புரோஜெனிட்டர் செல்களில் எடுத்தால்தான் ஆக்ஸான்கள் வழி தவறுகின்றன என்றார்கள். ஃப்ளோர் பிளேட்டுக்கும் பங்கு உண்டு என்று 2019இல் மறுபடி ஆய்வுகள் வந்தன, அது வேறு விவாதம். என் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்றுதான். அந்த புரோஜெனிட்டர் செல் உள்ளே வென்ட்ரிக்கிள் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதன் நீண்ட கால் மூளையின் வெளி ஓரம் வரை போகிறது. புரதத்தைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏ உள்ளே இருக்கிறது, புரதம் வெளியே, மூளையைப் போர்த்திய பயா என்ற சவ்வின் ஓரத்தில் போய்ப் படிகிறது. எம்ஆர்என்ஏவை மட்டும் காட்டும் இன் சிட்டு எத்தனை அழகாகப் போட்டாலும் அந்த வெளி ஓரம் உங்களுக்குத் தெரியாது. ஆன்டிபாடி போட்டால்தான் தெரியும்.

அதை நான் முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் நான்கு மாதம் வெறும் இருட்டுதான். திசுவைக் கெட்டிப்படுத்த 4 சதவீத பிஎஃப்ஏவில் ராத்திரி முழுக்க ஊற வைத்தால் இந்த ஆன்டிபாடிக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஃபிக்ஸேஷனை 2 மணி நேரமாகக் குறைத்து, சிட்ரேட் பஃபரில் pH 6இல் செக்‌ஷனைச் சூடு பண்ணின பிறகுதான் கண் திறந்தது. அந்தச் சூடு பண்ணுவது இருக்கிறதே, கருவின் திசு எத்தனை மென்மை என்று அப்போதுதான் தெரியும். பஃபர் 95 டிகிரியைத் தொட்டதும் ஸ்லைடில் சின்னக் குமிழ்கள் வந்து ஒட்டும், செக்‌ஷனின் ஒரு ஓரம் மெல்ல எழும்பி வெங்காயச் சருகு மாதிரி ஆடும், அதை நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆறில் இரண்டு போய்விடும். தப்பித்த நான்கைக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்தபோது பின்மூளையின் வெளி ஓரம் முழுக்க மெல்லிய பச்சைக் கரை, வேட்டிக் கரை மாதிரி ஒரே சீராக, அதை ஒட்டியே இறங்கி வரும் ஆக்ஸான்கள் மேலேயும் லேசாகப் பச்சை. ஆக்ஸானில் இருக்கும் டிசிசி ரிசெப்டர் நெட்ரினைப் பிடித்து வைத்திருக்கிறது என்று படித்ததைக் கண்ணால் பார்த்தேன். நெட்ரின் ஜீனை நீக்கிய நாக்அவுட் கருவில் இரண்டும் இல்லை, சுத்தமான கறுப்பு. அந்த ஸ்லைடை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் மூன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. 1:500 போட்டேன், 4 டிகிரியில் ஒரு ராத்திரி, காலையில் அதன் மேல் ஒட்டி ஒளிரும் செகண்டரி ஆன்டிபாடி, சாயங்காலம் படம். இடையில் வந்த இரண்டொரு சிக்கல் என்னுடையது. நேராக நெட்ரினைப் பிடிக்கும் பிரைமரி ஆட்டிலிருந்து வந்ததென்றால் கூடப் போடும் எல்லா செகண்டரியும் கழுதையில் செய்ததாக இருக்க வேண்டும், கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங்கிற்கு ஆட்டு சீரம் ஆகாது, பாலும் ஆகாது, ஏனென்றால் ஆட்டு ஐஜிஜியை, அதாவது ஆட்டின் ஆன்டிபாடியை, பிடிக்கும் செகண்டரி மாட்டு ஐஜிஜியையும் பிடித்துக்கொள்ளும். கழுதை சீரம் மட்டும் போடுங்கள். இதைப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நான்காவது வருடம் லாட், அதாவது கம்பெனியின் தயாரிப்புத் தொகுதி, மாறியது. இனி எழுதப் போவதுதான் என் ஆதங்கம் முழுவதும்.

புது வயலைக் கரைத்து அதே 1:500இல் போட்டேன். படம் முன்பைவிடப் பிரகாசமாக வந்தது, பயா ஓரம் தகதக என்று மின்னியது. கூட இருந்த பையன் "சூப்பரா இருக்குக்கா" என்று சந்தோஷப்பட்டான், எனக்கும் சந்தோஷம்தான். வழக்கப்படி நாக்அவுட் ஸ்லைடையும் வைத்தேன். அதிலும் பயா ஓரம் தகதக.

இந்தப் புரதத்தில் இருக்கிற வில்லங்கத்தை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். எந்த ஆன்டிபாடி போட்டாலும் திசுவின் ஓரம் கொஞ்சம் மின்னும். ஓரத்தில் திரவம் தேங்கும், காயும், ஆன்டிபாடி சிக்கிக்கொள்ளும். எல்லோரும் "ஓரத்தை விட்டுத் தள்ளு" என்று பழகியிருக்கிறோம். ஆனால் நெட்ரின் நிஜமாகவே உட்காரும் இடம் அந்த ஓரம்தான். பொய் வருகிற இடத்திலேயே உண்மையும் இருக்கிறது. இது போதாதென்று நெட்ரின் லேமினின் என்ற அடிச்சவ்வுப் புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் முன்பாதி லேமினினைப் போலவே இருக்கும். பயா ஓரத்தின் அடிச்சவ்வு முழுக்க லேமினின். புது லாட்டில் ரத்தக் குழாய்களின் சுவரும் மெல்லிய வளையங்களாகத் தெரிந்தன, அங்கேயும் லேமினின் உண்டு. அதனால் அந்த ஆட்டின் சீரத்தில் லேமினினைப் பிடிக்கிற பங்கு கொஞ்சம் கூடிவிட்டது என்பது என் சந்தேகம். நிரூபிக்கவில்லை, ஆனால் படம் அப்படித்தான் சொல்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன். படம் கேட்டார்கள். சாதாரணக் கரு, நாக்அவுட் கரு, பிரைமரி போடாதது என்று பன்னிரண்டு படம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் புது வயல் இலவசமாக வந்தது. எடுத்து லேபிளைப் பார்த்தால் அதே லாட் நம்பர். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பழைய லாட் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதற்குத் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி பதில்.

நியாயமாகவும் பேச வேண்டும். அவர்கள் எங்கேயும் 11.5 நாள் பின்மூளைக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்னில் இதே புது லாட்டைப் போட்டால் 75 கிலோடால்டன் பக்கத்தில் அழகான ஒரே பட்டை, நாக்அவுட்டில் பட்டை இல்லை. ஆக, சரக்கு கெட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாலிகுளோனல் என்றாலே இப்படித்தான், ஒரு ஆட்டின் ரத்தம் தீர்ந்தால் அடுத்த ஆடு, அது வேறு மாதிரி ஆன்டிபாடிக் கலவையைத்தான் தரும். இருந்தாலும் லாட் மாறும்போது ஒரு வரி எழுதி அனுப்ப எவ்வளவு செலவாகும்? எட்டு மாத வேலையை நான் திரும்பச் செய்தேன். வயலின் விலையைவிட எனக்குப் போன கருக்கள்தான் வலிக்கிறது, ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு தாய் எலியின் உயிர்.

டிசிசிக்கு நான் போடுவது ஜி97-449 என்ற மோனோகுளோனல், ஒரே செல் வழியிலிருந்து வரும் ஒரே வகை ஆன்டிபாடி. அதில் இந்தத் தொல்லை கிடையாது, ஏழு வருடமாக ஒரே மாதிரி, ஆக்ஸான்கள் சீப்பால் வாரியது போல் வரும். சுண்டெலியில் செய்ததைச் சுண்டெலிக் கருவிலேயே போடுவதால் தாயிடமிருந்து வந்த ஐஜிஜி ரத்தக் குழாயில் மின்னும், அவ்வளவுதான். ஃபேப் என்ற ஆன்டிபாடித் துண்டை வைத்து பிளாக் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நெட்ரினுக்கு வருகிறேன். தங்கச்சி, நாக்அவுட் கரு கையில் இல்லையென்றால் வாங்காதே. அதிலும் 1996இல் செய்த பழைய ஜீன்-டிராப் எலி போதாது, அதில் கொஞ்சம் நெட்ரின் மிச்சம் இருக்கும், ஓரத்தில் லேசாகப் பச்சை வந்தால் நிஜமா பொய்யா என்று நீ தவித்துப் போவாய். 2015இல் வந்த முழு நாக்அவுட்தான் வேண்டும். அது இருந்து, வாங்குவதற்கு முன் லாட் நம்பரைக் கேட்டு, ஒத்துவந்தால் அதே லாட்டில் நான்கு வயலை ஒரே தடவையில் எடுக்கிற அளவுக்கு உங்கள் சாருக்குப் பணமும் மனமும் இருந்தால் யோசிக்கலாம். இன்றைக்கு நான் இருக்கிற மனநிலையில் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பச்சைக் கரையை வேறு எதுவும் காட்டாது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

எழுதிவிட்டுப் போய் மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். பழைய லாட்டில் மூன்று ட்யூப் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர். ஒன்றை டிரை ஐஸில் போட்டு உனக்கு அனுப்புகிறேன். 1:500இல் இரண்டரை மில்லி வரும், ஸ்லைடுக்கு 200 மைக்ரோலிட்டர் என்றால் பன்னிரண்டு ஸ்லைடு. அதில் நாலை நாக்அவுட்டுக்கு ஒதுக்கு. நாக்அவுட் கருவுக்குப் பக்கத்து லேபில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாயே, பார்சல் வருவதற்குள் கேட்டு வாங்கி வை.