ஓம்னிக்கு எந்த மேனிஃபோல்ட் பேக்கிங்: பேஸ்டா, ஷீட்டா, ஸ்டீலா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பேட்டை தாண்டிச் சேரன்மகாதேவி போய்ச் சேருவதற்குள் அடங்கிவிடும். என்ஜின் வால்வுகளின் டேப்பட் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது அதே சத்தம் திரும்ப வந்தது, கூடவே புகை வாடை. பின்னால் இருந்த அம்மா தலை வலிக்கிறது என்றார். சொரிமுத்து அய்யனார் கோவில் வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன்.

போயிருந்தது மேனிஃபோல்ட் பேக்கிங். காற்றை என்ஜினுக்குள் கொண்டுவரும், புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் மேனிஃபோல்ட்; அது என்ஜினோடு சேரும் இடத்தைக் கசியாமல் அடைப்பது பேக்கிங். பானெட் வைத்த காரில் இப்படிக் கசிந்தால் புகையில் பாதி வெளியே போய்விடும். ஓம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் அந்தப் புகையோடு உள்ளே வரும். அதனால் எக்ஸாஸ்ட் பேக்கிங் விஷயத்தில் ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்பது சரிவராது.

முதலில், போனது இன்லெட்டா (காற்று உள்ளே வரும் பக்கம்) எக்ஸாஸ்டா (புகை வெளியேறும் பக்கம்) என்று பார்க்க வேண்டும். இன்லெட் போயிருந்தால் வண்டி வெளிக்காற்றை இழுக்கும். ஐடிலிங் ஏறி இறங்கும், ‘உஸ்’ என்று கேட்கும். என்ஜின் சூடாவதற்கு முன்னால் பேக்கிங் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடித்தால் ஆர்.பி.எம். மாறும். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அதை அடித்தால் தீப்பிடிக்கும், கவனம். எக்ஸாஸ்ட் போயிருந்தால் குளிர்ந்த என்ஜினில் சத்தம் அதிகம். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக் குறைந்துவிடும், இழுவையில் மறுபடி கேட்கும். என் வண்டியில் சீட்டைத் தூக்கி ஹீட் ஷீல்டைக் கழற்றியதும், புகை வெளிவரும் ஒரு துளையின் (போர்ட்) ஓரத்தில் கண்மை தீற்றியது போல ஒரு கருங்கோடு. அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை.

வழியில் ஒரு பட்டறையில் பழைய பேக்கிங்கின் மேலேயே சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தடவி முறுக்கித் தந்தார்கள். பன்னிரண்டு நாள் தாங்கியது. பிறகு கழற்றியபோது கரிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வகைப் பேஸ்ட் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் 600 டிகிரியைத் தாண்டிவிடும். ஆயில் சம்புக்கு நல்ல பொருள்தான், இந்த இடத்துக்கு ஆகாது.

பேக்கிங் ஷீட் என்ற அட்டையில் கையால் வெட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பெரிய கைவேலை. ஷீட்டை மேனிஃபோல்ட் மேல் வைத்து, உருண்டைச் சுத்தியலால் விளிம்பில் தட்டிக்கொண்டே வந்தால் ஓட்டைகள் அச்சாக விழும். பழைய வண்டியின் இன்லெட்டுக்கு, பேக்கிங் கிடைக்காத நேரத்தில் அது போதும். எக்ஸாஸ்டில் சாதா ஷீட் கருகிவிடும். இன்னொன்று, பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டுங்கள்.

உண்மையான போட்டி ஸ்டீலுக்கும் கிராஃபைட்டுக்கும்தான். நான் வண்ணார்பேட்டைப் பட்டறைக்குப் போனதே பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் போடும் முடிவோடு. வெப்பத்துக்கு அதுதான் அதிகம் தாங்கும், போட்டபின் திரும்ப முறுக்கவும் பெரும்பாலும் தேவையில்லை. பட்டறை அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் மேனிஃபோல்டைத் திருப்பி வைத்து, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினார். 0.15 மி.மீ. தகடு தடையில்லாமல் நுழைந்தது. இதுபோன்ற சின்ன என்ஜின்களுக்கு 0.10 வரைதான் பொறுக்கலாம்.

“மூஞ்சி வளைஞ்சிருக்கு தம்பி. இதுல ஸ்டீல் உக்காராது பாத்துக்கிடுங்க. லேத்துல சமம் பண்ணிட்டு வந்தா போடுதேன்” என்றார்.

ஸ்டீல், மேனிஃபோல்டின் முகத்துக்கு (பேக்கிங் பதியும் பரப்பு) ஏற்ப வளையாது. முகம்தான் அதற்கேற்பச் சமமாக இருக்க வேண்டும். கிராஃபைட் மெத்தென்று அழுந்திச் சின்னப் பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். லேத்தில் முகம் எடுத்த மேனிஃபோல்டுக்கும் புது வண்டிக்கும் ஸ்டீல் போடலாம். வளைவு 0.10-க்குள் இருந்து, முகம் மட்டும் கொஞ்சம் அரித்துப்போன பழைய வார்ப்பிரும்புக்கு, விலை குறைந்த கிராஃபைட்தான் என் தேர்வு. 0.15 என்றால் எதைப் போட்டாலும் முகம் எடுக்காமல் நிற்காது. அதனால் லேத்துக்குக் கொடுத்தேன். ஆனால் சிலிண்டர் ஹெட் பக்கமும் அரிப்பு இருந்தது. ஹெட்டை இறக்க மனமில்லை, கடைசியில் கிராஃபைட்டே போட்டோம்.

பேக்கிங்கை விட, நட்டு ஏறும் திருகுக் கம்பியான ஸ்டட்டுதான் உடைந்தால் செலவு வைக்கும். துருவேறிய நட்டில் முதல் நாள் இரவே துரு ஆயில் ஊற்றி ஊறவிட்டிருந்ததால் ஆறும் உடையாமல் வந்தன. மாட்டும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும், அதையும் மூன்று தவணையாக. 8 மி.மீ. ஸ்டட்டுக்கு முறுக்கும் அளவு 20 நியூட்டன் மீட்டர் வாக்கில் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே கணக்கு.

கிராஃபைட் சூடேறி ஆறியதும் கொஞ்சம் அமுங்கும். அதனால் மூன்றாம் நாள் காலை, என்ஜின் சில்லென்று இருக்கும்போது சீட்டைத் தூக்கி, முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்தேன். ஓரத்து நட்டுகள் அசையவில்லை. நடுவில் இருந்த இரண்டும் கால் சுற்று ஏறின.