நடையா, வாலிபாலா? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு. நடையிலும் எட்டலாம், வாலிபாலிலும் எட்டலாம்.

செலவு: நடைக்கு நல்ல ஷூ போதும். வாலிபாலுக்குப் பந்தும் வலையும். பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் பாரமில்லை.

மூட்டு: நடையில் மூட்டுக்கு அதிர்ச்சி குறைவு. வாலிபாலில் குதித்து இறங்கும்போதுதான் சிக்கல். விறைத்த ஒற்றைக் காலில் இறங்கினால் முழங்காலில் அடிபடும். வலையடியில் அடுத்தவர் பாதத்தை மிதித்தால் கணுக்கால் பிசகும். முட்டியை மடக்கி, இரு காலிலும் இறங்குங்கள். 10 நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் ஸ்மாஷ் வேண்டாம். நம் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; அதை நெடுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகலாம். முதுகோ மூட்டோ இறுக்கமாக இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் குதிக்கவே கூடாது.

மனசு: பேச முடிந்து பாட முடியாத வேகத்தில் நடந்தால் தூக்கம் சீராகும். பந்தைத் துரத்தும்போது கவலைக்கு இடமே இருக்காது.

உறவு: வாலிபால்தான். ஒரு நாள் வராவிட்டால் "எங்கப்பா காணோம்?" என்று போன் வரும்; பலரை விடாமல் பிடித்து வைப்பது அதுதான்.

சர்க்கரை இருப்பவர்கள் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடக்கட்டும். ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்கு வந்து தனியாகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் வாரம் இரண்டு நாள் வாலிபால் ஆடி, மற்ற நாள் நடக்கலாம்.