15 வயதுத் தட்டும் 75 வயதுத் தட்டும்

பேரனுக்கு வைப்பதையே கொஞ்சம் குறைத்துத் தாத்தாவுக்கு வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அது சரியில்லை.

15 வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி (கீழே வரும் அன்றாட அளவுகளும் அப்படியே) கால்சியம் ஒரு நாளைக்கு 1,300 மி.கி. வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்புச்சத்து 15 மி.கி., பையனுக்கு 11. பசிக்குக் குறைவிருக்காது, வயிற்றோடு சத்தும் நிறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

75 வயதில் கலோரித் தேவை குறைகிறது, சத்துத் தேவை அப்படிக் குறைவதில்லை. இரும்பு 8 மி.கி. போதும். ஆனால் வைட்டமின் டி 600 அலகிலிருந்து 800 ஆகக் கூடுகிறது. வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்கு உணவிலுள்ள பி12 சரியாகச் சேர்வதில்லை. தாகமும் மங்கிவிடும்; அவர்கள் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை புரதத்தைப் பற்றித்தான். தசை கரையும் வயது அது. பெரியவர்களுக்குப் பொது அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள் பலர். நாமோ, மெல்ல முடியவில்லை என்றதும் மாவுச்சத்தோடு நிறுத்திவிடுகிறோம். முட்டை, தயிர், குழைய வெந்த பருப்பு எல்லாம் மெல்ல எளிதானவைதானே? சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்ட அப்புறமே புரதத்தைக் கூட்டுங்கள்.