பழைய ஜென்னுக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின்: நான்கு வருட அனுபவம்

எங்கள் 2003 மாடல் மாருதி ஜென்னில் இப்போது ஓடுவது கம்பெனியிலிருந்து வந்த இன்ஜின் இல்லை. சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கி வேலூரில் ஏற்றிய செகண்ட் ஹேண்ட் இன்ஜின். ஏற்றி நான்கு வருடம் ஆகிறது, ஓட்டம் 40 ஆயிரம் கிலோமீட்டரை நெருங்குகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இதே இடத்தில் வந்து நின்று, போர் பண்ணலாமா (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது), இன்ஜினையே மாற்றலாமா, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று தவிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரம்.

பழைய இன்ஜின் ஹீட்டில் போனது. ஜென்னின் 993 சிசி இன்ஜினில் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி), ஹெட் (அதை மூடும் மேல்பகுதி) இரண்டுமே அலுமினியம். எடை குறைவு, பிக்கப் அருமை. ஆனால் ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும். மே மாத வேலூர் வெயிலில், சிஎம்சி மருத்துவமனை முன்னால் இருக்கும் நெரிசலில், ஏசியோடு நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் நின்றுபோனது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, கேஸ்கெட் மாற்றியும் சில மாதத்தில் டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஏற்கெனவே பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயிலும் குடித்துக்கொண்டிருந்தது. பிஸ்டன், ரிங், போர், ஹெட், பேரிங் என்று மெக்கானிக் போட்ட கணக்கு 50 ஆயிரத்தைத் தாண்டியது.

இன்ஜினை மாற்றலாம் என்று துணிந்ததற்குக் காரணம் பாடி. கால் வைக்கும் தகடு, டிக்கி அடித்தளம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் எதிலும் துரு இல்லை. இதில் ஓட்டை விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல இன்ஜின் கிடைத்தாலும் அந்தச் செலவு வீண் என்றே சொல்வேன்.

ராணிப்பேட்டை, வேலூர் பக்கக் கடைகளில் விசாரித்தபோது கார்புரேட்டர் ஜென் இன்ஜின்தான் இருந்தது. எங்களுடையது எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. இரண்டுக்கும் ஹெட்டே வேறு, எனவே 'அட்ஜஸ்ட் பண்ணிடலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாருதி எஸ்டீம் காரின் 1298 சிசி இன்ஜினைப் போட்டால் பறக்கும் என்றும் ஆசை காட்டுவார்கள். ஆர்சி புக்கில் 993 சிசி என்று இருக்கும்போது அது சட்டப்படி செல்லாது.

புதுப்பேட்டைக்கு எங்கள் மெக்கானிக் பாயையும் கூட்டிக்கொண்டு போனேன். தரையில் வரிசையாகக் கிடக்கும் இன்ஜின்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் அடிபட்ட வண்டியில் இன்னும் கழற்றாமல் இருந்த ஒரு இன்ஜினைத் தேடிப் பிடித்தார். முதல் வேலையாக பிளாக் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. நாம் வருவதற்கு முன்பே ஓட்டி சூடாக்கி வைத்துவிட்டால் ஸ்டார்ட்டிங் கோளாறு, டேப்பெட் சத்தம் எதுவும் வெளியே தெரியாது. பிறகு பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தார். பேக் கம்ப்ரஷன் (தேய்ந்த ரிங் வழியாக சிலிண்டர் அழுத்தம் கீழே கசிவது) இருந்தால் மூடி குதிக்கும், புகை கிளம்பும். இதில் மூடி லேசாக நடுங்கியதோடு சரி. கடைசியாக நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். எல்லா சிலிண்டரும் 165-க்கும் 175 பிஎஸ்ஐ-க்கும் நடுவில் காட்டின. எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் அவருக்கு முக்கியம்.

'டில்லி வண்டி இன்ஜின் சார், ஓட்டமே இல்லை' என்று ஒரு கடையில் சொன்னார்கள். அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் அப்படி இன்ஜின்கள் வர வாய்ப்பு உண்டு. ஆனால் டில்லியில் சிஎன்ஜி கிட் போட்டு ஓட்டியவை நிறைய, கேஸில் ஓடிய இன்ஜினில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். இன்டேக் பக்கம் ஓட்டை போட்டு அடைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜின் 22 ஆயிரம். அதோடு செலவு நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. ஏற்றுவதற்கு முன் பாய் சொன்னது: "தம்பி, இன்ஜின் கீழ கீற வரைக்கும்தான் எல்லாம் கைக்கு எட்டும். மேல ஏத்திட்டா ஒரு சீலுக்காக மறுபடியும் மொத்தமா எறக்கணும்." டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல் முன்னும் பின்னும், கிளட்ச் செட், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் புதிதாகப் போட்டோம். ரேடியேட்டரும் ஃபேன் மோட்டாரும் புதியவை. கூலியோடு மொத்தம் 48 ஆயிரம் ஆனது. போர் பண்ணும் செலவை ஏறக்குறைய தொட்டுவிட்டது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கில் கிளட்ச், ரேடியேட்டர் எதுவும் சேரவில்லை.

காகித வேலையை யாரும் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். இன்ஜின் நம்பர் எழுதிய கடை பில், அது இருந்த வண்டியின் ஆர்சி நகல் இரண்டையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நம்பர் பஞ்ச் செய்த இடம் உரசியிருந்தால் திருட்டு இன்ஜினாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் புது நம்பரைத் தெரிவித்துவிடுங்கள். 2023-ல் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டார். எல்லாம் ஒத்துப்போனதால் ஒரு கேள்விகூட வரவில்லை.

ஓட்டத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் நான்கு பேரோடு ஏறியபோது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. ஹைவேயில் ஏசியோடு லிட்டருக்கு 15, 16 கொடுக்கிறது. 5 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன், நடுவில் கால் லிட்டருக்கும் குறைவாகவே டாப் அப் ஆகிறது. வெறும் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, கூலன்ட் மட்டும்தான். வேலூர் போர்வெல் தண்ணீர் உப்பு கட்டும், அலுமினியத்தை அரிக்கும்.

குறைகளும் உண்டு. இரண்டாம் வருடம் ஆல்டர்னேட்டர் பேரிங் கத்த ஆரம்பித்தது, மாற்றினேன். இன்ஜினோடு வரும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாரை நம்பாமல் நம் பழையது நன்றாக இருந்தால் அதையே மாட்டிக்கொள்வது நல்லது. இப்போது வால்வு கவர் பேக்கிங் ஓரத்தில் ஆயில் கசிகிறது, சிக்னலில் ஏசியோடு நின்றால் ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு. இன்ஜினைத் தாங்கும் பின்பக்க மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டதாம். அடுத்த சர்வீஸில் பேக்கிங்கையும் மவுண்டிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.