மட்டமான செங்கல்: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா?

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய வீட்டின் மூன்றாம் கட்டை ஒட்டி, 2022-இல் ஒரு சமையலறையும் குளியலறையும் கட்டினோம். 12,000 செங்கல், கல் 9 ரூபாய். ஒரு மழைக்காலம் போனதும் சுவரெல்லாம் உப்புப் பூத்தது. பிறகு பூச்சு பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளே கல்லை நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. பக்கத்திலேயே தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் அப்படியே நிற்பது தனி வயிற்றெரிச்சல். செங்கல் வியாபாரி, “கலவையில தப்பு, மேஸ்திரியைக் கேளுங்க” என்றார். மேஸ்திரியோ, “கல்லு சரியா வேகலைண்ணே” என்றார்.

ரேரா, அதாவது பிளாட், மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம், எங்களுக்குப் பொருந்தாது. கட்டி விற்கும் புரமோட்டரிடம் பிளாட் வாங்கியவர்களுக்கு அது நல்ல வழி. வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். சொந்த இடத்தில் மேஸ்திரி வைத்துக் கட்டினவர்கள் அங்கே போக முடியாது.

மிச்சம் இரண்டு: சிவில் கோர்ட், சிவகங்கையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் ஆணையத்துக்குப் போனேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். சிவிலில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம். ஆணையத்தில் நாம் பொருளுக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே முடியும். வியாபாரி எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, நான் வைத்துக்கொண்டேன். பில் சென்னையில் இருக்கும் தம்பி பெயரில் இருந்தது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான் என்பதால் அது தடையாகவில்லை. பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கவனியுங்கள். ஒருவர் பெயரில் பில், இன்னொருவர் குடியிருப்பு என்பது இங்கே சகஜம்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வழக்கைத் தாங்கிப் பிடித்தது கிணற்றடியில் அடுக்கி வைத்திருந்த முன்னூறு சொச்சம் மிச்சக் கல். ஆத்தா அதன் மேல் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் படிக்கட்டு போடக் கேட்டபோது கொடுத்துவிடலாம் என்றுகூட இருந்தோம். நல்லவேளை, கொடுக்கவில்லை. சுவரில் ஏறிய கல்லை எடுத்து நீட்டினால் கலவை, தண்ணீர், ஓதம் என்று எதன் மேலாவது பழி போடலாம். கட்டாத கல்லில் மேஸ்திரியின் கையே படவில்லை.

முதலில் நானாக ஐந்து கல்லைச் சோதனைக்கு அனுப்பினேன். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடை போடுவார்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது; இது 27 குடித்தது. எதிர்த்தரப்பு வக்கீல், “மட்டமான கல்லாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அப்புறம் ஆணையத்திடமே மனு கொடுத்து, அங்கே கல்லுக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வைத்தோம். கட்டணத்தை நான்தான் முதலில் கட்டினேன். அந்த அறிக்கை வந்த பிறகு கலவை பற்றிய பேச்சு நின்றது. மேஸ்திரியை எதிர்த்தரப்பில் சேர்க்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. ஆகவே நோட்டீஸ் விடும் முன் மிச்சக் கல்லை எண்ணி, படம் எடுத்து, மழை படாமல் மூடி வையுங்கள். சிமெண்டு என்றால் வாரமும் வருடமும் அச்சிட்ட காலிச் சாக்கையாவது வையுங்கள். மாதிரி ஒன்றுமே இல்லையென்றால் நான் சொல்வதில் பாதிக்குமேல் அடிபட்டுப்போகும்.

ஆய்வகச் சோதனை உள்ள வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு 14 மாதம் ஆனது, அதுவும் சமரசத்தில். இடித்துக் கட்டும் செலவு மூன்றரை லட்சம் கேட்டேன், 2,60,000 கிடைத்தது. மேல்முறையீடு வரை போகாததால் அந்த அலைச்சல் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது.

சிவிலுக்கும் இடம் உண்டு. ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் போட வேண்டும், சிவிலில் 3 ஆண்டு. இன்னொன்று, இங்கே பல வீடுகள் ஹோட்டலாகவும் ஹோம்ஸ்டேயாகவும் மாறிவிட்டன. வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால் ஆணையத்தில் மனுவே நிற்காமல் போகலாம். சொந்தப் பிழைப்புக்கு நடத்துகிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். அறைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் முதலில் வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்.